கடலூர், புதுச்சேரி கார் பட்டறைக்காரர்களுக்கு: புஷ் போல்ட் பற்றி ஒரு வேண்டுகோள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கார் பட்டறை நடத்தும் அண்ணன்களுக்கும், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது இரண்டே விஷயம். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றும்போது அதன் நடுவே போகும் போல்ட்டில் காப்பர் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கடைசி முறுக்கை வண்டி நாலு சக்கரத்திலும் நின்ற பிறகு கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான் கூடுதலாக ஆகும். இதைச் செய்யாமல் விட்ட வண்டியைப் பிறகு பிரிக்கிறவனுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது.

நான் மெக்கானிக் இல்லை. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. என் வண்டியையும் சொந்தக்காரர்கள் வண்டியையும் வாசலில் நிறுத்தி நானே பிரித்துப் பார்க்கிறவன். நம் பக்கத்து வண்டிகளில் சஸ்பென்ஷன் வேலை என்றால் பழசைக் கழற்றுவதிலேயே பெரும்பாலான நேரம் போகிறது, அதுதான் இதை எழுத வைத்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும், உப்புக்காற்று. புஷ்ஷின் நடுவில் இருக்கும் ஸ்லீவ் என்ற இரும்புக் குழாய்க்கும் அதற்குள் போகும் போல்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அதில் உப்பு ஈரம் ஏறினால் காய்வதற்கு வழியில்லை. இரும்பு துருவானால் முன்பு பிடித்ததைவிட அதிக இடம் பிடிக்கும், அந்தத் துரு இடைவெளியை இறுக்கி அடைத்து இரண்டையும் ஒரே துண்டாக்கிவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேறும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்குப் புதுச்சேரியில் கொட்டிய மழையும், அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் எத்தனை கார்களை முக்கியெடுத்தன என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இன்ஜின், சீட், வயரிங் என்று பார்த்தார்கள், அடியில் இருக்கும் புஷ் போல்ட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

பிடித்துக்கொண்ட போல்ட் எப்படி இருக்கும் என்றால், நட்டு கழன்று வந்துவிடும், போல்ட் தலையில் ஸ்பேனர் போட்டால் கொஞ்சம் திரும்பும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். போல்ட்டோடு ஸ்லீவும் சுற்றுகிறது, ரப்பர் அதைத் திருப்பி இழுக்கிறது. தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் கன் போட்டாலும் அதன் அடியில் பாதியை ரப்பரே வாங்கிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் பலர் கேஸ் கட்டரைக் கையில் எடுக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ரப்பர் எரிந்தால் வரும் புகை ஒருபக்கம் இருக்கட்டும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் அங்கேதான் ஓடுகின்றன, பின்பக்கம் என்றால் பெட்ரோல் டேங்க்கே பக்கத்தில் இருக்கிறது. அதோடு, ஆர்மைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இரும்பின் பலமும் போய்விடும்.

நான் செய்வது இது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவேன். முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருநீக்கி ஸ்பிரேயைப் போல்ட்டின் இரண்டு முனையிலும் அடித்து விட்டுவிடுவேன். மறுநாள் நட்டைத் தளர்த்தி, மரை நசுங்காமல் இருக்க அது போல்ட் முனையோடு சமமாக நிற்கும்படி விட்டு, சுத்தியலால் நேராகத் தட்டுவேன். அசைந்தால் சரி. அசையவில்லை என்றால் மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை, பிராக்கெட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து ஆர்மை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். புஷ்ஷும் போல்ட்டும் எப்படியும் புதுசுதானே! ஆனால் நட்டு சப்ஃப்ரேமுக்குள் (ஆர்மைத் தாங்கும் அடிச்சட்டம்) வெல்டு வைத்ததாக இருந்தால் இந்த வழி உதவாது, அறுத்த துண்டு உள்ளேயே நின்றுவிடும். அங்கே பொறுமையாகக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி தளர்த்தித்தான் கொண்டுவர வேண்டும். பழைய புஷ்ஷின் வெளிச்சட்டை ஆர்மில் ஒட்டிக்கொண்டால் ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் ஒரு வெட்டு, ஆர்மைத் தொடாமல். பிறகு உளியால் மடித்தால் சுருண்டு வந்துவிடும்.

இப்போது மாட்டுகிற கதைக்கு வருகிறேன். கிரீஸை போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மெல்லிசாகத் தடவினால் போதும். மரையில் தடவினால் அதே டார்க்குக்கு, அதாவது அதே முறுக்கு விசைக்கு, போல்ட் அதிகமாக இழுபடும். ஸ்லீவின் முனை பிராக்கெட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் இடத்திலும் படக்கூடாது, அங்கே வழுக்கினால் ஸ்லீவ் சுழல ஆரம்பிக்கும். ரப்பரிலும் வேண்டாம்.

முறுக்கு விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். போல்ட்டை இறுக்கினதும் ஸ்லீவ் அசையாது, அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுகிக்கொடுப்பதால்தான். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகித்தான் நிற்கும், அதற்குமேல் பள்ளத்திலும் விழுந்தால் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரம் கிழிகிறது, "டூப்ளிகேட் புஷ் போட்டுட்டான்" என்று உங்கள் மேல்தான் பழி வருகிறது. வண்டியை இறக்கிய பிறகு அடியில் கை நுழையாது என்பதும் தெரியும். அப்படியானால் ஸ்டாண்டு இருக்கும்போதே ஜாக்கியை ஆர்முக்குக் கீழே கொடுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து லேசாக எழும்பப் பார்க்கும் அளவுக்கு ஏற்றி, அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் போடுங்கள். அதன் பிறகு அலைன்மென்ட்.

இன்னொன்று, அறுத்த போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். பழைய போல்ட் தலையில் 10.9 என்று பலத்தின் தரம் பொறித்திருந்தால் புதுசும் 10.9தான், அதே நீளம், அதே மரை. இது சக்கரத்தைத் தாங்கும் போல்ட்.

பில்லில் "புது போல்ட், கிரீஸ் போட்டது, வண்டி பாரத்தில் முறுக்கியது" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும் பட்டறை திருப்பாதிரிப்புலியூரில் இருந்தாலும் சரி, முதலியார்பேட்டையில் இருந்தாலும் சரி, என்னிடம் கேட்கிற எல்லாரையும் அங்கேதான் அனுப்புவேன்.

அன்புடன்,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கார்க்காரன்