‘எத்தனை நாள் ஆகும்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர்களுக்கு,

வணக்கம்.

பதினோர் ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, “இது எத்தனை நாள் ஆகும்?” என்பதுதான். கேள்வியில் தவறில்லை. பணம் போடுபவருக்கும், விளம்பரம் தயார் செய்பவருக்கும், வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டிய உங்களுக்கும் ஒரு தேதி தேவைப்படுகிறது என்பதை நான் அறிவேன். அந்தக் கேள்விக்கு நாங்கள் தரும் பதில், எங்கள் வாயிலிருந்து புறப்பட்டு உங்கள் எக்செல் தாளில் போய் அமர்வதற்குள் என்னவாக மாறிவிடுகிறது என்பதைப் பற்றியே இந்த மடல்.

“இரண்டு வாரம் ஆகலாம்” என்று நாங்கள் சொல்கிறோம். அதில் உள்ள ‘ஆகலாம்’ கூட்ட அறையிலேயே தங்கிவிடுகிறது. ‘இரண்டு வாரம்’ மட்டும் வெளியே போகிறது. அது பத்து வேலை நாளாகி, பத்தாவது நாளின் தேதியாகி, அந்தத் தேதி மேலதிகாரியின் விளக்கப்படத்தில் ஏறி, அங்கிருந்து வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலாகச் சென்றுவிட்ட பிறகு, அது ஓர் ஊகமாகப் பிறந்தது என்பதே எவர் நினைவிலும் இருப்பதில்லை. பதினோராவது நாள் காலையில் “நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று கேட்கப்படும்போது, ஊகித்தவன் வாக்குத் தவறியவனாக நிற்கிறான்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இடமும் பெயரும் வேண்டாம். ஆர்டர் பக்கத்தில் ‘ரத்து செய்’ என்று ஒரு பட்டன் வேண்டும் என்பதே எங்களுக்கு வந்த தேவை, ஒற்றை வரி. “பட்டன்தானே?” என்று கேட்டார்கள். பட்டன் அரை மணி நேர வேலை. ஆனால் அதை அழுத்தியவுடன் என்ன நடக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வரியில் இல்லை. பொருள் கிளம்பிய பிறகு ரத்து செய்யலாமா? மூன்று பொருள்களில் ஒன்று மட்டும் கிளம்பியிருந்தால்? தள்ளுபடிக் கூப்பன் பயன்படுத்தியிருந்தால் அது மறுபடியும் உயிர்பெறுமா? பட்டனை அவசரத்தில் இருமுறை அழுத்தினால் என்ன ஆகும்? மொபைல் செயலியின் பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு ரத்தான ஆர்டர் எப்படித் தெரியும்? இவற்றுள் பாதிக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் எங்கள் குழுவில் இல்லை. அவர்கள் பதில் தரும்வரை நாங்கள் ஊகித்துக்கொண்டு எழுதினோம்.

மீதிக் கதை நிரலுக்குள் இருந்தது. ஆர்டரின் நிலை தரவுத்தளத்தில் ஓரிடத்தில் இருப்பதாகத்தான் நான் நம்பியிருந்தேன். தோண்டியபோது இரண்டு இடங்களில் இருந்தது. பணம் கட்டப்பட்ட ஆர்டர்களை ஒவ்வோர் இரவும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் பழைய நிரல் ஒன்று, அவ்விரண்டில் எதைப் படிக்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் விட்டுச் சென்ற ஒரே குறிப்பு, “இதைத் தொடாதீர்கள்” என்ற வரி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, எங்கள் தொழிலில் அது கதை அல்ல, அன்றாடம். எங்கள் நேரத்தின் பெரும்பகுதி எழுதுவதில் போவதில்லை. பிறர் எழுதியதை, சில வேளைகளில் நாமே எழுதி மறந்ததை, படித்துப் புரிந்துகொள்வதில் போகிறது. எத்தனை பக்கம் என்று தெரியாத புத்தகத்தை எத்தனை நாளில் படித்து முடிப்பாய் என்று கேட்டால், யோக்கியமான எவரும் ஒரே எண்ணைப் பதிலாகத் தர முடியாது.

இது என் தனிப்பட்ட புலம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். மென்பொருள் திட்டங்கள் காலம் தாழ்த்துவதைப் பற்றி 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டிலேயே கவலையோடு பேசியிருக்கிறார்கள். 1981-இல் பேரி போம் என்ற மென்பொருள் பொறியியல் அறிஞர் இதை ஒரு படமாகவே வரைந்து காட்டினார். திட்டத்தின் தொடக்கத்தில் தரப்படும் கணிப்பு, உண்மையில் ஆகும் அளவின் நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம் என்றும், தேவைகள் தெளிவாகி வேலை முன்னேற முன்னேறத்தான் இந்த இடைவெளி சுருங்கும் என்றும் அந்தப் படம் சொல்கிறது. அவ்வாறாயின், எதுவுமே தெரியாத முதல் நாளில் வாங்கிய எண்ணைக் கடைசிவரை மாற்றக் கூடாது என்பது, மிகக் குறைவாகத் தெரிந்த நேரத்தில் மிக உறுதியான முடிவை எடுப்பதாகும்.

அந்தப் பத்து நாளும் பத்து நாளாக எங்கள் கைக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஸ்டாண்ட்-அப் என்னும் தினசரிக் குழுக்கூட்டம், பதினைந்து நிமிடம் என்று பெயர். பிறகு வேறொரு குழுவின் டிசைன் கூட்டம், நேர்காணல் எடுக்க அழைப்பு, சகநிரலாளர் அனுப்பிய மாற்றத்தை ரிவ்யூ செய்யும் கடமை, புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் தளத்தில்) யாருக்கோ பக்கம் திறக்கவில்லை என்ற புகார். இடையிடையே “ஒரு நிமிடம் இருக்கிறதா?” என்று சாட்டில் வரும் செய்தி. ஒரு வழுவை, அதாவது நிரலில் உள்ள பிழையை, துரத்தும்போது, எந்த மதிப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஏழெட்டு விவரங்களை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு நிமிடச் செய்தி அவை அனைத்தையும் கீழே கொட்டிவிடுகிறது. பொறுக்கியெடுக்க ஒரு நிமிடம் போதாது. உங்கள் தாளில் எட்டு மணி நேரமாக இருக்கும் நாள், எங்கள் மேசையில் மூன்று மணி நேரமாக, அதுவும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது.

ரத்து பட்டனுக்கு வருகிறேன். எட்டாவது நாளில், குறித்த தேதிக்குள் வேலை முடியாது என்று தெரிந்தவுடன், உதவிக்கு மூன்று பேரை அனுப்பினார்கள். நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். நானும் என்னோடு இருந்தவரும் அடுத்த நான்கு நாள்கள் அந்த மூவருக்கும் பாடம் நடத்தினோம். நிரல் ஒரு வரி நகரவில்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்னும் கணினி இயங்குதளத்தை உருவாக்கிய பெரும் திட்டத்தை நடத்தி அனுபவப்பட்ட ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இலேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன கணக்கு எளிது. ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைகள் 10. பத்துப் பேர் என்றால் 45. ஆள் இருமடங்கானால் பேச்சு நாலரை மடங்காகிறது. இவ்வளவு காலம் கழித்தும் இதை ஒவ்வொரு திட்டத்திலும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தேதி நெருங்கியபோது நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. பட்டியலில் இருந்தவற்றை ‘இரண்டாம் கட்டம்’ என்ற தலைப்பின் கீழே தள்ளத் தொடங்கினோம். (இரண்டாம் கட்டம் என்று ஒன்று வந்து நான் இதுவரை பார்த்ததில்லை.) அப்படித் தள்ளப்பட்டவற்றுள் ஒன்று, பணத்தைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் தருவது. அந்த எண் இருந்தால், அதே கோரிக்கை மறுபடி போனாலும் பணம் ஒரு முறைதான் போகும். அதை விட்டுவிட்டு இரவு பதினொன்றரை மணிக்கு வெளியிட்டோம். பணம் செலுத்தும் சேவை அன்று மெதுவாகப் பதில் சொன்னது. எங்கள் நிரல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மீண்டும் அனுப்பியது. விடிவதற்குள் பலருக்குப் பணம் இருமுறை போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன நாள்கள், தள்ளிப்போட்ட வேலைக்கு ஆகியிருக்கக்கூடிய நாள்களைவிட அதிகம். மறுநாள் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, “இதை எழுதியது யார்?” என்பது. எழுதியது நான்தான். அந்த வரியை இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்தியது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அறையில் இருந்த அனைவரும் கையைத் தூக்கியிருக்க வேண்டும், என்னையும் சேர்த்து.

எங்களுக்கு நேர்ந்தது சிறிது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, நியூயார்க் பங்குச் சந்தை புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கிய அதே நாளில், நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் அதற்கான நிரலோடு களமிறங்கியது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாமல், ஆனால் அகற்றப்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடங்களில் போன தொகை 40 கோடி டாலருக்கும் மேல். ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே இல்லை. பழைய நிரலை அகற்றுவது, இரண்டாவது கண் பார்ப்பது ஆகிய இவ்விரண்டும் எந்தத் திட்டத் தாளிலும் வாடிக்கையாளர் கேட்ட வசதியாக இடம்பெறுவதில்லை. ஆகவே நாள் குறையும்போது முதலில் வெட்டப்படுபவையும் அவையே. 1992-இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் இத்தகைய தள்ளிப்போடல்களைக் கடனுக்கு ஒப்பிட்டார். கடன் வாங்குவது தவறன்று. வட்டி ஓடிக்கொண்டிருப்பதை எவரும் எழுதி வைக்காததுதான் சிக்கல்.

எங்கள் பக்கத் தவற்றை மறைக்க மாட்டேன். நீங்கள் குறைப்பீர்கள் என்று தெரிந்து நாங்கள் கூட்டிச் சொல்கிறோம். நாங்கள் கூட்டியிருப்போம் என்று தெரிந்து நீங்கள் குறைக்கிறீர்கள். இரு தரப்பும் அறிந்தே ஆடும் இந்தப் பேரத்தில் கடைசியாக நிற்கும் எண் எவருடையதும் அன்று. ‘ஏறக்குறைய முடிந்துவிட்டது’ என்று மூன்று நாள் தொடர்ந்து ஸ்டாண்ட்-அப்பில் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அது சோம்பலால் அல்ல. தெரியவில்லை என்று சொன்னால் திறமையில்லாதவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம். நாள் கணக்கிலிருந்து தப்பிக்க வேலையின் அளவைப் புள்ளிகளில் சொல்லும் ஸ்டோரி பாயிண்ட் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள், இரண்டே ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) “ஒரு பாயிண்ட் என்றால் எத்தனை மணி நேரம்?” என்ற கேள்வி வந்துவிட்டது. 2001-இல் அஜைல் என்னும் மென்பொருள் உருவாக்க அணுகுமுறையை முன்வைத்த அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயிண்டைத் தாம் கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியாயின் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார். அவருடைய வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு.

நான் கேட்பது அதிகம் அன்று. கணிப்பை ஒற்றை எண்ணாகக் கேட்காமல், நன்றாகப் போனால் எப்போது, பூதம் புறப்பட்டால் எப்போது என்று இரண்டாகக் கேளுங்கள். அதைச் சொல்வதற்கு முன் நிரலைத் திறந்து பார்க்க இரண்டு நாள் தாருங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நின்றபடியே எண் சொல்ல வைக்காதீர்கள். பாதி வேலை முடிந்ததும் கணிப்பைத் திருத்த இடம் கொடுங்கள். தேதியை நகர்த்தவே முடியாது என்றால், எதை விடுவது என்பதை எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, விட்டது எது, யார் சொல்லி விட்டோம், எப்போது திரும்ப எடுப்போம் என்பதை எழுதி வையுங்கள்.

அடுத்த திங்கட்கிழமைத் திட்டமிடல் கூட்டத்துக்கு நான் இரண்டு எண்களோடு வருவேன். உங்கள் தாளில் ‘முடியும் நாள்’ என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒரு நிரலாளர்