பழைய வண்டிக்குப் புது மீட்டர் போர்டு

அன்புள்ள பாலு,

மூட்டு வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மற்ற வீட்டுச் செய்தியெல்லாம் உன் வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. இதை முழுசாகக் கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், நீ அமெரிக்காவில் இங்கே ஓஹையோ வந்தபோது ஓட்டிவிட்டு இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாயே, அது இப்போது என்னிடம். 1986 மாடல். எஞ்சின் கல்லு மாதிரி. மீட்டர் போர்டுதான் போய்விட்டது. பின்னால் ஓடும் பிளாஸ்டிக் சர்க்யூட் அங்கங்கே விட்டுப்போய், முட்கள் இஷ்டத்துக்கு ஆடின. பழைய வண்டிகளை உடைக்கிற யார்டில் 1990 மாடலின் போர்டு ஒன்று பளிச்சென்று கிடைத்தது. 1990 என்று தேடித்தான் எடுத்தேன். 1992-லிருந்து ஸ்பீடோமீட்டர் எலெக்ட்ரானிக். பின் ஆக்ஸிலில் இருக்கும் சென்சாரைக் கேட்டு ஓடும். என் வண்டியில் அந்த சென்சாரே கிடையாது. 1991 வரை நம் பழைய கேபிள்தான்.

டேஷ்போர்டை 1987-ல் மாற்றிவிட்டார்கள், அதனால் தகடு வெட்டி, அரம் போட்டு உட்கார வைத்தேன். அதை விடு. ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஓடிவிடும் என்று நீயும் மெக்கானிக் மீசை அண்ணனும் சொல்வீர்கள். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடை வைத்தியம் இதற்கு ஆகாதுடா!

1986 வரை ஃபோர்டு டிரக்கில் சூட்டில் வளையும் தகடுதான் முள்ளைத் தள்ளும். ஒரு சின்ன ரெகுலேட்டர் பேட்டரி கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் ஆக்கும். 1987-ல் காந்த மீட்டர் வந்தது. அதற்கு நேரே 12 வோல்ட். கூடவே, டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைச் சொல்லும் ஃப்ளோட்டின் மின்தடைக் கணக்கையும் தலைகீழாக்கிவிட்டார்கள். பழசில் டேங்க் காலியென்றால் 73 ஓம், நிரம்பினால் 10. புதுசில் காலிக்கு 16, நிரம்பினால் 158. பழைய ஃப்ளோட்டை அப்படியே புது மீட்டரில் கொடுத்தால் என்ன ஆகும், யோசி. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது முள் காலிக்கும் கீழே படுத்திருக்கும். ஓட ஓட ஏறும். கடைசிச் சொட்டும் தீர்ந்து வண்டி நிற்கும்போது, பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டு இன்னும் நிறைய இருக்கிறது என்று சொல்லும். ஜனவரிப் பனியில், ராத்திரி, நெடுஞ்சாலையில் இதை நம்பிப் போகிறவன் கதி? செத்துப்போன மீட்டரைவிட இது மோசம். செத்ததை யாரும் நம்ப மாட்டார்கள். டேங்கை இறக்கி, புதுக் கணக்கு ஃப்ளோட் போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்தது, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர். யார்டு போர்டில் யாரோ முகம் தெரியாதவர் ஓட்டிய 87,000 சொச்சம் மைல். நம் வண்டியில் 41,000 சொச்சம். ஆனால் பழசில் ஐந்தே இலக்கம். லட்சம் மைல் ஆனதும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எத்தனை சுற்று என்று பெரியவரிடம் கேட்டேன். இரண்டு என்றார். முதல் சுற்று முழுக்க அவர் வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்ததாம். இந்த நாட்டுச் சட்டப்படி, மாற்றிய ஓடோமீட்டரில் பழைய எண்ணையே வைக்க வேண்டும். முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழைய மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். நான் ஓடோமீட்டரின் எண் சக்கரங்களைக் கழற்றி 41,000 சொச்சத்துக்கே கொண்டுவந்தேன். சட்டத்துக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. இரண்டு சுற்றையும் தேதியையும் எழுதிக் கதவில் ஒட்டியும் வைத்தேன். உன் தம்பி, மீட்டரைக் குறைத்து வைத்த அந்த ஆம்னி வேனை வாங்கிவிட்டு நம் திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தானே, அது எனக்கு மறக்காது. என் கையிலிருந்து இந்த வண்டியை வாங்கப் போகிறவனுக்கு அப்படி ஆகக் கூடாது.

எஞ்சின் ஆயில் பிரஷரைக் காட்டும் முள்தான் பாக்கி. 1987-க்குப் பிறகு அங்கே வெறும் சுவிட்ச் வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பிரஷர் வந்தாலே முள் நடுவில் போய் நிற்கும். அதற்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. போர்டின் பின்னால் இருக்கும் 20 ஓம் ரெசிஸ்டரைத் தாண்டி ஒயர் இழுத்து, நிஜமாக அளக்கிற சென்சார் மாட்டலாம் என்றிருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் சர்க்யூட்டில் பற்ற வைத்தால் தாங்குமா, உருகிவிடுமா? நீதான் இதையெல்லாம் நிறையப் பார்த்தவன். மீசை அண்ணனையும் கேட்டு உடனே எழுது. அதுவரை கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
ரவி