மார்ச் 11 இரவு எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

2011 மார்ச் 11 அன்று டோக்கியோ டிஸ்னிலேண்டிலும் டிஸ்னிசீயிலும் வேலையில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

பிற்பகல் 2.46-க்குப் பூமி ஆடத் தொடங்கியபோது இரண்டு பார்க்குகளிலும் சேர்த்து ஏறத்தாழ 70,000 பேர் இருந்தோம். பக்கத்து நிஷி கசாயிலிருந்து குழந்தையோடு டிஸ்னிலேண்டுக்கு வந்திருந்த நாங்களும் அதில் உண்டு. அது 9.0 அளவு நிலநடுக்கம் என்றோ, வடக்கே சுனாமி ஊர்களையே வாரிக்கொண்டு போகிறது என்றோ அப்போது எங்களுக்குத் தெரியாது.

உங்களில் ஒரு பெண் கடைக்குள்ளிருந்து இரண்டு கை நிறையப் பொம்மைகளை அள்ளிக்கொண்டு வந்தார். விற்பனைக்கு வைத்திருந்தவை, விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். என் மகளின் தலையில் ஒரு பொம்மையைத் தானே வைத்து, அவள் கைகளை எடுத்து அதன்மேல் அழுத்திக் காட்டிவிட்டு அடுத்த குழந்தையிடம் போனார். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முதல் நன்றி அவருக்கு.

பார்க்குக்கு வரும் கெய்யோ தட ரயில் நின்றுவிட்டது. பார்க்குகள் இருக்கும் உராயாசு ஊரின் பெரும்பகுதி கடலை மண்ணால் நிரப்பி உண்டான நிலம். அதனால் ஊரில் பல இடங்களில் மண் குழைந்து சேறு பொங்கியது, பார்க்கின் வாகன நிறுத்தத்திலும்தான். ஏறத்தாழ 20,000 பேர் இரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கட்டடங்களைப் பரிசோதிக்காமல் உள்ளே விட முடியாது என்று நீங்கள் உறுதியாக இருந்தது சரியான முடிவு. வெளியே குளிர் கடுமை. பரிசுப்பொருள் போட்டுத் தரும் பெரிய பிளாஸ்டிக் பைகளைப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தீர்கள், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரிக்கத் தந்தீர்கள். கடையிலிருந்த இனிப்புகள் வந்தன, அப்புறம் கடற்பாசி கலந்த சோறு வந்தது. பார்வையாளர் கண்ணில் படவே கூடாது என்று நீங்கள் காத்துவந்த பின்புற வழியைக்கூடத் திறந்து, டிஸ்னிலேண்டில் இருந்தவர்களை டிஸ்னிசீக்கு அழைத்துப் போனீர்கள்.

உங்களில் பெரும்பாலானோர் பகுதிநேர ஊழியர்கள், நிறையப் பேர் இளைஞர்கள். பேரிடர்ப் பயிற்சி உங்களுக்கு அடிக்கடி நடக்கும் என்று பின்னாளில் படித்தேன். அந்தப் பயிற்சி இல்லாமல் அத்தனை நிதானம் வந்திருக்காது, உண்மைதான். ஆனால் உங்களுக்கும் அன்று வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. உங்களில் சிலருக்காவது வடக்கே சொந்தபந்தம் இருந்திருக்கும். அதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டு, பூமி ஆடும்போதெல்லாம் எங்களோடு சேர்ந்து குந்தி உட்கார்ந்து, உட்காருங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள் என்று விடியும்வரை குரல் கொடுத்ததை எந்தப் பயிற்சியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

இத்தனை வருடம் கழித்து எழுத ஒரு காரணம் உண்டு. என் மகள் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறாள். அன்று உங்களில் பலருக்கு இவள் வயதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. உங்களைப் பெற்றவர்கள் அந்த இரவு முழுக்க உங்கள் குரலைக் கேட்க முடியாமல் தவித்திருப்பார்கள். எங்கள் நன்றி அவர்களுக்கும்தான்.

டிஸ்னிலேண்ட் மறுபடி திறந்தது ஏப்ரல் 15-ஆம் தேதி. 1983-இல் முதன்முதலாகத் திறந்ததும் அதே தேதிதான். டிஸ்னிசீ ஏப்ரல் 28-இல் திறந்தது. திரும்பி வேலைக்கு வந்தவர்கள், வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள், அன்று சமையலறையிலும் பரிசோதனையிலும் இருந்ததால் நாங்கள் முகம்கூடப் பார்க்காதவர்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
நிஷி கசாயில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம்