ஜூன் 3 முடிந்த பிறகும் சைக்கிள் ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைக்கிள் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வருவது இரண்டே சமயங்களில்தான். ஒன்று ஜூன் 3, உலக மிதிவண்டி நாள். 2018-ல் ஐ.நா. அறிவித்ததிலிருந்து அன்றைக்கு எங்காவது ஒரு பேரணி, கொடியசைக்க ஓர் அதிகாரி, புது டி-ஷர்ட்டில் பிள்ளைகள், மறுநாள் படம். இன்னொன்று, சைக்கிளில் போன யாராவது அடிபட்டால். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மற்ற நாட்களிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் ஓட்டுகிற அந்த ரோட்டோரத்தைப் பற்றி ஒரு தடவையாவது எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் என்றால் சங்கம், கிளப் என்று எதுவும் கிடையாது. பேங்க்கில் வேலை பார்ப்பவர், ஜவுளிக்கடைக்காரர், ரெண்டு வாத்தியார், ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து நிற்கிற தம்பிகள், அவ்வளவுதான். ஆனால் இதற்குள்ளேயே ரெண்டு கட்சி. மெல்லிசு டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் வைத்த ரோடு பைக் கட்சி ஒன்று, தடித்த டயரும் முன்னால் சஸ்பென்ஷனும் வைத்த எம்.டி.பி., அதாவது மவுன்டன் பைக் கட்சி ஒன்று. ரோடு கட்சியில் ஒருவர் இரும்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு டைட்டானியம் போல்ட் போட்டு இருபது கிராம் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல, எம்.டி.பி. கட்சி வாத்தியார் அவர் தட்டில் இருந்த மூணாவது போண்டாவைக் கையில் எடுத்து எடை பார்த்தார். உலகப் போட்டிகளிலேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றுதான் விதி, நமக்கு எதற்குங்க இந்தக் கிராம் கணக்கு என்றால், அவர் பதில் சொல்லாமல் போண்டாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஓசூருக்குப் போகிற அன்றைக்கு ரோடு கட்சிக்குத்தான் கொண்டாட்டம். தூரம் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய்ச் சேருவதற்குள் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். குருபரப்பள்ளி தாண்டி, சூளகிரி வருவதற்குள்ளேயே எம்.டி.பி. ஆட்கள் பின்னால் புள்ளியாகிவிடுவார்கள். "என்னண்ணா, டிராக்டர் டயரா மாட்டியிருக்கீங்க?" என்று அங்கே ஆரம்பிக்கிற கேலி ஓசூர் போகும்வரை நிற்காது. அஞ்செட்டி ரோடு, வத்தல்மலை என்று பேச்சு வந்தால் அப்படியே தலைகீழ். அஞ்செட்டிப் பக்கம் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் யானை நடமாட்டம் உண்டு, பொழுது நன்றாக விடியாமல் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை, ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதும் இல்லை. யானை வந்தால் யார் முதலில் தப்பிப்பது என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. வேகம் இருக்கிறது, நாங்கள்தான் என்கிறது ரோடு கட்சி. ரோட்டில் குழி இருக்கிறது, அதற்குள் நீங்கள் விழுந்து கிடப்பீர்கள் என்கிறது எம்.டி.பி. கட்சி.

குழி என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான்கு வழிச்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் இருக்கிற அந்தச் சின்ன இடம்தான் எங்களுக்கு ரோடு. அதில் என்ன இருக்கிறது என்று காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. மணல் லாரியிலிருந்து கொட்டிய எம்-சாண்ட், உடைந்த பாட்டில், வெடித்த லாரி டயரிலிருந்து பிய்ந்து வந்த மெல்லிய கம்பி இழைகள். இந்த இழை தலைமுடி கனம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் சுருக்கென்று குத்தும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி காற்று இறங்கிவிடும். இதற்கு மேல் நெருஞ்சி முள் வேறு. நம்ம வறண்ட பூமியில் ரோட்டோரமெல்லாம் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கிற அதே நெருஞ்சிதான். அந்தக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கித்தான் நிற்கும். அதற்கு ரோடு பைக், எம்.டி.பி. என்ற பேதமெல்லாம் தெரியாது, டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கிற பால் மாதிரி சீலன்ட் ஊற்றி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் தப்பிக்கிறார்கள்.

பஞ்சரானால் பக்கத்தில் கடை இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. லாரிக்குப் பஞ்சர் போடுகிறவர் எங்கள் ரோடு பைக்கின் வால்வைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, பேனா ரீஃபில் கணக்கா இருக்கு?" என்று கேட்டார். அது பிரெஸ்டா வால்வு, நுனித் திருகைத் தளர்த்திப் பித்தளை அடாப்டர் ஒன்றை மாட்டினால்தான் அவருடைய ஏர் பைப் பிடிக்கும். ரோடு டயருக்குக் காற்றழுத்தம் 80, 90 பி.எஸ்.ஐ. வரை அடிப்போம், எம்.டி.பி. டயருக்கு 30 இருந்தாலே போதும். லாரிக்கு அடிக்கிற நினைப்பில் அவர் எம்.டி.பி. டயருக்கும் பைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? அந்தச் சத்தத்தை ஒரு நாள் டீக்கடையில் இருந்த எல்லாருமே கேட்டோம். பாவம், அவரும் காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஜூன், ஜூலையில் இன்னொரு கூத்து. மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிற டிராக்டர்களிலிருந்து பெங்களூரா மாங்காய் உருண்டு விழும், அதன் மேல் லாரி ஏறும், ஓரமெல்லாம் மஞ்சளாக வழவழவென்று கிடக்கும். ஈரம் காயாத காலையில் 25 மில்லிமீட்டர் டயர் அதில் ஏறினால் பிரேக் பிடித்தும் பிரயோஜனமில்லை. விவசாயியைக் குறை சொல்லவில்லை, கொட்டியதை அள்ளத்தான் ஆள் இல்லை. சர்வீஸ் ரோட்டில் போகலாமே என்றால், அங்கே எதிர்த்திசையில் வருகிற மோட்டார் பைக்குகள். சாக்கடை மேல் போட்ட இரும்புக் கிராதியிலும் கம்பிகள் நாம் போகிற திசைக்கு நேராக இருக்கின்றன. குறுக்காகத் திருப்பிப் போட்டிருந்தால் யார் சக்கரமும் உள்ளே இறங்காது, செலவும் ஒன்றுதான். இதையெல்லாம் எந்த அலுவலகத்தில் சொல்வது என்று கேட்டால், ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கை காட்டுகிறது.

அப்புறம், நிறுத்தி வைத்த லாரிகள். தொப்பூர் கணவாய் இறக்கத்தைச் சொல்லவே வேண்டாம், அங்கே நடக்கிற விபத்துகளை நீங்களே எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சமமான ரோட்டிலும் டீக்கடை, டாபா வாசலில் ஓரத்தை அடைத்து லாரி நிற்கும். அதைச் சுற்றிப் போக நாங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி லேனுக்குள் வந்தாக வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். "சுங்கச்சாவடியில் காசு கட்டாதவனுக்கு ரோடு ஒரு கேடா" என்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார். காசு கட்டுவதில்லைதான், மோட்டார் பைக்குக்கும் அங்கே கட்டணம் கிடையாது. அதில் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

எங்களுக்காவது ஹெல்மெட், பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கு, வேண்டாமென்றால் வீட்டிலேயே இருந்துவிடுகிற வசதி எல்லாம் உண்டு. அதே ஓரத்தில் ஹேண்டில்பாரின் ரெண்டு பக்கமும் பால் கேனை மாட்டிக்கொண்டு வருகிறவருக்கும், வேலை முடிந்து இருட்டில் திரும்புகிற குவாரி ஆட்களுக்கும், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே போகிற பெண் பிள்ளைகளுக்கும் அதெல்லாம் இல்லை. அவர்களை யாரும் சைக்கிள் வீரர் என்று சொல்வதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவர், கேரியரில் புல்லுக்கட்டோடு, ஓரத்தில் நின்ற லாரியைச் சுற்ற முடியாமல் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே லேனைக் கடந்தார். எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு அதற்கப்புறம் யாரும் கிராம் கணக்குப் பேசவில்லை.

நாங்கள் தனிப்பாதை கேட்கவில்லை, மேம்பாலம் கேட்கவில்லை. இருக்கிற ஓரத்தைக் கூட்டிப் பெருக்குங்கள், லாரிக்கென்று வேறு இடம் ஒதுக்குங்கள், அந்த இரும்புக் கிராதியைத் திருப்பிப் போடுங்கள். இதை நாங்கள் மனுவாகக் கொடுத்தால் ஃபைலில் போய்விடும், நீங்கள் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நிருபரை அனுப்பி வையுங்கள் சார். வண்டி நாங்கள் தருகிறோம். ஓசூர் பக்கம் வேண்டாம், ஏற்றம், முதல் நாளே பாவம். கே.ஆர்.பி. அணை வரை போய்வரலாம். கூட வருகிற போட்டோகிராபரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், எங்களைப் படம் எடுக்க வேண்டாம், வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் கிடப்பதை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், கிருஷ்ணகிரி