ஸ்கீ படகை ஓட்டுவது யார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் முடிந்து கொங்கண் கடற்கரைகளில் படகு விளையாட்டுகள் மறுபடி தொடங்கிவிட்டதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், நீச்சல் தெரியாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், கட்டணத்தைப் பேசி முடித்துக்கொண்டு ஏறுங்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் காலில் ஸ்கீ என்னும் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர் மேல் சறுக்கும் வாட்டர் ஸ்கீயிங் பற்றிய பகுதியில் படகை ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் செம்பூர்வாசி. வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அங்கே ஒரு கிளப்பில் ஸ்கீ படகு ஓட்டப் பழகினேன். அங்கே சறுக்குகிறவரைவிட ஓட்டுகிறவரைத்தான் அதிகம் வாட்டி எடுப்பார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் நிற்பவருக்கு பிரேக்கும் இல்லை, ஆக்சிலேட்டரும் இல்லை. கையில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். எவ்வளவு வேகம், எந்தத் திசை, எப்போது நிறுத்துவது எல்லாமே படகில் த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டிக் குறைக்கும் பிடியைப் பிடித்திருப்பவர் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு மணிக்கு 20 முதல் 24 கிலோமீட்டர் போதும். முதல் முறையாக இரண்டு ஸ்கீயில் எழுந்து நிற்கும் பெரியவருக்கு 30க்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். ஒற்றை ஸ்கீயில் தேறியவர்கள்தான் 50ஐத் தாண்டுவார்கள். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்கும் சர்வதேச ஸ்லாலம் போட்டியில்கூட ஆண்களுக்கு உச்ச வேகம் 58, பெண்களுக்கு 55. அந்த வேகத்தையும் தாண்டி ஒருவர் தேறிவிட்டால் வேகத்தை ஏற்ற மாட்டார்கள், கயிற்றின் நீளத்தைத்தான் 18.25 மீட்டரிலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். உலக சாம்பியனுக்கே அங்கே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? போன சீசனில் அக்கா குடும்பத்தோடு கொங்கண் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். அக்கா பையன் ஆசைப்பட்டான், சரி என்றோம். அவன் தண்ணீரில் உட்கார்ந்து ஸ்கீயின் முனைகளை மேலே தூக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கிறான், கயிறு இன்னும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மிதக்கிறது, படகுக்காரர் ஒரு கையில் மொபைலை வைத்துக்கொண்டு மறு கையால் த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டார். கயிறு விறைத்த நொடியில் பையன் முகம் குப்புற இழுபட்டான். அவன் கைப்பிடியை விட்டுவிட்டான் என்பதே ஓட்டியவருக்குத் தெரியவில்லை, படகில் பின்னால் பார்க்க வேறு ஆளும் கிடையாது, வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டு ரொம்ப தூரம் போய்விட்டு, அப்புறம் அதே வேகத்தில் சடாரென்று திருப்பி நேராக அவனைப் பார்த்து வந்தார். கரைக்கு வந்ததும் கேட்டேன். "ஸ்பீட் நஹி தோ மஜா நஹி, அங்கிள்" (வேகம் இல்லையென்றால் ஜாலி இல்லை) என்றார். பையனின் தோள்பட்டை வலி போக நாளாயிற்று.

முறையாக எழுப்புவது எப்படி என்று சொல்கிறேன், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் என்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துக் கயிற்றின் தொய்வை மெல்ல எடுக்க வேண்டும். தண்ணீரில் இருப்பவர் "போகலாம்" என்று சொன்ன பிறகுதான், நேர்கோட்டில், ஒரே சீராக வேகம் கொடுக்க வேண்டும். ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கத்தான் சக்தி நிறைய வேண்டும். அவர் எழுந்து நின்றுவிட்டால் இழுவை சட்டென்று குறைந்துவிடும், அப்போது த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னால் வாங்காவிட்டால் படகு தானாகவே பாய்ந்து ஓடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் விழுவது இந்த இடத்தில்தான், பழியை மட்டும் தங்கள் கால் மேல் போட்டுக்கொள்வார்கள்.

நன்றாகச் சறுக்குகிறவர் பக்கவாட்டில் வெட்டிப் போகும்போது படகையே பின்னுக்கு இழுப்பார். வேகம் குறையும், என்ஜின் சத்தம் கனக்கும், அதைக் காதால் கேட்டே ஈடுகட்டத் தெரிந்தவர்தான் அந்தக் காலத்து டிரைவர். ஸ்லாலம் பாதை நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை 259 மீட்டர், 58 கிலோமீட்டர் வேகத்தில் 16.08 விநாடியில் கடக்க வேண்டும் என்று ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அப்புறம் கனடாவிலிருந்து படகின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பெர்ஃபெக்ட் பாஸ் கருவி வந்தது, அதற்கடுத்து ஜிபிஎஸ் மூலம் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஜீரோ ஆஃப் வந்தது. வேகத்தை இயந்திரமே பார்த்துக்கொள்வதால் ஓட்டுகிறவரின் கவனம் முழுக்கப் பாதையில் இருக்கும்.

இந்தக் கருவி நம் படகுகளில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தாலும் நம் கடலில் அதை அப்படியே நம்ப முடியாது. ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம், ஸ்கீ உணர்வது தண்ணீரைப் பொறுத்த வேகம். மும்பைப் பக்கம் பெரிய ஓதத்தின்போது கடல் மட்டம் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஏறி இறங்குகிறது, கழிமுகங்களில் நீர் இழுத்துக்கொண்டு ஓடும். மணிக்கு 4 கிலோமீட்டர் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகில் திரை 30 என்று காட்டினால் சறுக்குகிறவர் காலடியில் 34. அதே படகு திரும்பி வரும்போது 26தான், கனமான ஆள் தண்ணீருக்குள் அமுங்கத் தொடங்கிவிடுவார். திரையைப் பார்த்தால் தெரியாது, பின்னால் இருப்பவரைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் முன்னால் பார்க்க வேண்டியவர் எப்படிப் பின்னால் பார்ப்பார்? அதற்குத்தான் இரண்டாவது ஆள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தில் கையால் வெட்டிக் காட்டினால் நிறுத்து, விழுந்தபின் கையைத் தூக்கிக் காட்டினால் ஒன்றுமில்லை, நலம். இதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்தவரிடம் மெதுவாகப் போக வேண்டும், அவர் எப்போதும் டிரைவர் இருக்கும் பக்கத்தில் டிரைவரின் கண்ணில் படும்படி படகைக் கொண்டுவர வேண்டும், விழுந்தவர் படகில் ஏறுமுன் என்ஜினை அணைத்துவிட வேண்டும். இங்கே ஓடுவது பெரும்பாலும் படகின் பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்ட் என்ஜின், படகைத் தள்ளும் விசிறி (ப்ரொப்பெல்லர்) பின்பக்கம்தான் சுற்றுகிறது, ஏறுகிறவர்களும் அந்தப் பக்கமே வருகிறார்கள்.

2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா தீவுக்குப் போன நீல்கமல் பயணிகள் படகின் மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்ததை மும்பையில் யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எல்லோருக்கும் அக்கறை வந்திருக்கிறது, நல்லதுதான். த்ராட்டிலைப் பிடிக்கும் கையைப் பற்றியும் அதே அக்கறை வர வேண்டும். ஆளைக் கட்டியிழுக்கும் படகுக்கு உரிமம் கொடுக்கும்போது, இழுத்து ஓட்டுவதில் தனிப் பயிற்சி இருக்கிறதா, பின்னால் பார்க்க ஆள் இருக்கிறதா, டிரைவர் தடுமாறி விழுந்தால் என்ஜினை அணைக்கும் கயிறு அவர் மணிக்கட்டில் மாட்டியிருக்கிறதா என்று மகாராஷ்டிர கடல்சார் வாரியம் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு இடம் இல்லை என்று சொல்லவும் முடியாது, கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, மோட்டார் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தீபாவளி விடுமுறைக்கு மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் நம் குடும்பங்கள் நிறையப் பேர் அலிபாக், காஷித், தார்கர்லி என்று கிளம்புவார்கள். அதற்குள் உங்கள் ஞாயிறு இதழில் அந்தக் கைச்சைகைகளைப் படத்தோடு அரைப் பக்கம் போட முடியுமா? படம் வரைய மாதிரி வேண்டுமென்றால் நானே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை