வாசலால கிறுகி வந்த மகளுக்கு

தம்பிலுவில்

அன்பின் மகள்,

கோலில கதைக்க வெளிக்கிட்டா அம்மா வந்து பக்கத்தில நிண்டிருவா, அதனாலதான் எழுதுறன். அண்டைக்கு, உன்னைப்போல பைபோலர் நோயோட, அதான் மனம் பித்தேறியும் சோர்ந்தும் மாறுற நோயோட, வாழுற ஆக்கள் கூடிக் கதைக்கிற அந்தக் கூட்டம் நடக்கிற மண்டபத்து வாசல் மட்டும் போய்க் கிறுகி வந்துட்டன் எண்டு சொன்னாய். "தெரியாத ஆக்களுக்கு முன்னால என்னத்தக் கதைக்கிற அப்பா?" எண்டும் கேட்டாய். அந்த நேரம் பாத்து அம்மா அடுப்படியில இருந்து வந்ததால மழையைப் பத்திக் கதைச்சிட்டு வெச்சிட்டன்.

நீ எங்களோட கதைக்கிறதை நான் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நல்லா நித்திரை கொண்டயா எண்டு கேட்டா கொஞ்சம் பொறுத்துத்தான் "ஓம்" என்பாய். "களைப்பு" எண்டு சொல்ற நாளில அது வெறும் களைப்பு இல்ல எண்டு எனக்கு விளங்கும். எங்களுக்கு நெஞ்சு பதைக்கக் கூடாது எண்டு சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிறாய். அதைக் குறை சொல்லேல்ல. ஆனா பொறுக்காமக் கதைக்கவும் உனக்கு ஒரு இடம் வேணும். அது இந்த வீடு இல்ல. மூணு நாளாக் கட்டிலை விட்டு எழும்பேல்ல எண்டு நீ ஒரு வசனம் சொன்னாப் போதும், அம்மா பிளைட் டிக்கெட்டுக்குக் காப்பைக் கொண்டு அடகுக் கடைக்குப் போயிருவா. மறுகா நீ உன்ட நோயையும் பாக்க வேணும், அவவையும் தேத்த வேணும்.

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால இருந்தே என்ட உத்தியோகக் காலம் போனது. மனநலக் கிளினிக் நாளில வாங்கில இருக்கிற ஆக்களை அந்தச் சின்ன யன்னலால பாத்துக்கொண்டிருப்பன். டொக்டர் கேட்டா "ஒண்டுமில்ல சேர், நல்லாத்தான் இருக்கு" எண்டு வாற அதே ஆள், வாங்கில குந்தினதும் பக்கத்து ஆளிட்ட எல்லாத்தையும் சொல்லும். ஒரு நாள் மீன்பிடிக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், காக்கா எண்டுதான் கூப்பிடுவம், பக்கத்தில இருந்த இளம் ரீச்சரிட்டச் சொன்னார்: "நான் சாமம் ரெண்டு மணிக்கு எழும்பி, பாட்டும் படிச்சுக்கொண்டு வலை பொத்தத் தொடங்கினா, வீட்டில கிளினிக் கொப்பியை எடுத்து வெச்சிருவாங்க தங்கச்சி." அந்தப் புள்ள மாதக்கணக்கா வந்து போறவ, சிரிச்சு நான் கண்டதில்ல. அண்டைக்குச் சிரிச்சா. "எனக்கு அலுமாரி. எல்லாத்தையும் இழுத்துப்போட்டு விடிய விடிய அடுக்குவன்" எண்டா. ரெண்டு பேரும் கையை நீட்டி ஆருக்குக் கூட நடுங்குது எண்டு பாத்தாங்க. தேத்தண்ணிக் கோப்பையை முக்கால்வாசிக்கு மேல நிரப்பப்படாது எண்டு காக்கா சொல்லிக்குடுத்தார். இந்த நோய்க்குப் போடுற, கையை நடுங்கவைக்கிற லித்தியம் குளிசையை நான் எத்தினை பேருக்கு எண்ணிக் குடுத்திருப்பன், அந்தக் கோப்பைக் கணக்கு எனக்குத் தெரியாது.

நீ கிறுகி வந்த மண்டபத்தில நடக்கிறதும் அதுதான், கதிரையைச் சுத்திவரப் போட்டு, நேரம் குறிச்சு நடத்துறாங்க. நடத்துற ஆளும் அனேகமா இந்த நோயோட வாழுற ஆளாத்தான் இருக்கும். அங்க கதைச்சது வெளிய போகக் கூடாது, ஒருத்தர் கதைக்கேக்க மத்தவர் குறுக்கிடக் கூடாது, கேக்காமப் புத்தி சொல்லக் கூடாது எண்டு தொடங்கும்போதே சொல்லுவாங்க. கதைக்க விருப்பமில்லையெண்டா சும்மா கேட்டுக்கொண்டும் இருக்கலாம். இது புதுசும் இல்ல. குடியை விட நினைச்ச ஆக்கள் அமெரிக்காவில 1935ல தொடங்கினாங்க. அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போய்வந்த சில மனநோயாளர்கள் 1957ல சிட்னியில தங்களுக்கெண்டே 'குரோ' எண்டு ஒரு அமைப்பை உண்டாக்கினாங்க. நீ விழுங்குற லித்தியத்தையும், பித்து ஏறின ஆக்களை அடக்கும் எண்டு 1949ல எழுதிக் காட்டினவர் உன்ட மெல்பேர்னில வேலை செய்த ஜோன் கேட் எண்ட டொக்டர்தான். இஞ்ச அந்தக் காலத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே சொல் கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரான 'அங்கொடை', அதையும் ஏச்சாத்தான் பாவிச்சம்.

உனக்கு இன்னொரு பயம் இருக்கும், நீ சொல்லேல்ல. எங்கட ஆக்கள் ஆராவது அங்க இருந்தா? அப்படியெண்டா நீ ட்ரெயின் ஏற முதல் செய்தி திருக்கோவில் சந்திக்கு வந்திரும் எண்டுதானே. ஆனா யோசிச்சுப் பார், அங்க வந்த ஆளும் அதே பயத்தோடதான் வந்திருக்கும். உன்னைக் கண்டதைச் சொல்லப் போனா தன்னையும் சேத்துத்தான் சொல்ல வேணும். அப்படியும் மனம் ஒப்பேல்லையெண்டா வெள்ளைக்காரரோட இருக்கிற கூட்டத்துக்கே போ. அழுகை வந்தா தமிழிலயே அழு, ஆரும் ஒண்டும் சொல்லப்போறதில்ல.

மருந்துக்காரன் எண்ட முறையில ரெண்டு விசயம் சொல்ல வேணும். அங்க ஆராவது "நான் குளிசையை விட்டுட்டன், இப்ப நல்லாருக்கன், நீயும் விடு" எண்டு சொன்னா, காதில வாங்காத. நடத்துறவரே அப்படிச் சொன்னா வேற கூட்டம் தேடு. வயித்தோட்டமோ சத்தியோ வந்தா, வெயிலில வேர்த்துக் கொட்டினா, இரத்தத்தில லித்தியம் ஏறிரும், டொக்டரோட கதை. இடுப்பு வலிக்கு ஐபுபுரோபன் வாங்கிப் போட வேண்டாம், அதுவும் ஏத்தும். லித்தியத்தை அளக்க இரத்தம் எடுக்கிறது கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழிச்சு. சிறுநீரகமும் தைரொய்டும் பாக்கிற தவணையைத் தள்ளிப் போடாத.

கூட்டத்துக்குப் போனா ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கத் தேவையில்ல எண்டு ஆரும் சொன்னா அதையும் நம்பாத. ஆய்வுகள் அப்படி உறுதியாக் காட்டேல்ல. போற ஆக்களுக்கு நம்பிக்கை கூடுது, தன்ட காரியத்தைத் தானே பாக்கலாம் எண்ட எண்ணம் வருது, அவ்வளவுக்குத்தான் ஓரளவு சான்று இருக்கு. எனக்கு அது போதும். உயிரை விடுற எண்ணம் வந்து நிண்டா அடுத்த கூட்டம் மட்டும் காத்திருக்காத. அந்த நிமிசமே உன்ட டொக்டருக்கோ அவசர இலக்கத்துக்கோ எடு, மறுகா எனக்கு எடு. சாமம் எண்டாலும் எடு.

முதல் நாள் பிடிக்காமல் போகலாம். ஒரு ஆள் தன்ட கதையையே ஒரு மணித்தியாலம் இழுக்கும், அப்படி ஒண்டு எல்லாக் கூட்டத்திலயும் இருக்கும், எங்கட கோயில் பரிபாலன சபையிலயும் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு தரம் போய்ப் பாத்திட்டு முடிவெடு.

அம்மாவுக்கு உன்ட நோயும் தெரியும், குளிசையும் தெரியும். கூட்டம் எண்டாத்தான் ஊருக்குத் தெரிஞ்சிரும் எண்டு பயப்படுறா. அதை நான் மெல்ல மெல்லச் சொல்லிக்கொள்றன். கூட்டம் நடக்கிற செவ்வாய்க்கிழமை இரவில எங்களுக்குக் கோல் எடுக்காத, புதனில எடு. அங்க என்ன கதைச்ச எண்டு நான் கேக்க மாட்டன். செவ்வாயில உனக்கு ஓவர்டைம் எண்டு அம்மாவிட்டச் சொல்லி வெச்சிருக்கிறன், நீயும் அதையே சொல்லு.

அன்புடன்,
அப்பா