துணைக்குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, சங்க அங்கத்தவர்களே,

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி, கனடாவின் மனிற்றோபா மாகாணத்திலுள்ள இந்த வினிபெக் நகரின் பழங்குடிச் சமூகத்தார் வன்முறைக்கு எதிராகவும், தம் உறவுகளில் பாதுகாப்பற்று நிற்பவர்களுக்காகவும் செய்துவரும் பணிகளுக்குக் கைகொடுக்கவென அமைக்கப்பட்ட துணைக்குழுவின் முதலாவது அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

அத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேறவில்லை என்பது கூட்டறிக்கையில் பதிவாகியிருக்கிறது. "எங்கட பிரச்சினையே தீராமல் கிடக்க, இது எங்களுக்கு ஏன்?" என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இலங்கையிலிருந்து வந்த நாம் வீடு வாங்கி, கடை போட்டு, பிள்ளைகளைப் படிப்பித்திருக்கும் இந்த நிலம் 1871 இல் பழங்குடி மக்களோடு செய்யப்பட்ட முதலாம் இலக்க உடன்படிக்கைக்கு உட்பட்டது. கனடிய நகரங்களுள் பழங்குடி மக்கள் மிக அதிகமாக வாழும் நகரமும் இதுவே. இருந்தும், இங்கு இருபது, முப்பது ஆண்டுகளாக வாழும் நம்மில் பலர் அவர்களில் ஒருவர் வீட்டிலேனும் தேநீர் குடித்ததில்லை. குழு அமைந்தபோது என் நிலையும் அதுதான்.

குழுவின் பெயர் பற்றி முதலிரண்டு கூட்டங்களிலும் விவாதம் நடந்தது. "பாதிக்கப்பட்ட பெண்களுக்கான குழு" என்று நாம் எழுதியிருந்த துண்டுப்பிரசுரத்தை, நம்மோடு பேச இசைந்த மகளிர் நிலையமொன்றின் மூதாட்டி ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுவிட்டு, தாங்கள் அப்படிச் சொல்வதில்லை என்றார். காணாமற்போன, கொல்லப்பட்ட பழங்குடியினருள் பெண்களோடு சிறுமியரும் ஆண்களும், ஆண், பெண் இரு தன்மைகளும் தம்முள் இருப்பதாகக் கருதி 'டூ ஸ்பிரிட்' என்று தம்மை அழைத்துக்கொள்வோரும் இருப்பதால், எல்லாரையும் 'உறவுகள்' என்றே தாங்கள் குறிப்பிடுவதாக விளக்கினார். இந்தச் சொல் நமக்குப் புதிதன்று. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் படங்களை ஏந்தியபடி வீதியோரம் இருக்கும் தாய்மாரைக் 'காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்றுதான் நாமும் சொல்கிறோம். அங்கே தேடுகிறவர்கள் உறவுகள். இங்கே தேடப்படுகிறவர்களே உறவுகள். போரின் கடைசி வாரங்களில் உடன்பிறந்தவரைத் தொலைத்த நம் குழு அங்கத்தவர் ஒருவர், இதைக் கேட்ட பின்னர் கூட்டம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. துண்டுப்பிரசுரம் திரும்பப் பெறப்பட்டது. குடும்பத்தாரின் அனுமதியின்றி அதில் நாம் படங்களை அச்சிட்டிருந்ததும் தவறென்று உணர்ந்து, அதற்கு வருத்தம் தெரிவித்தோம்.

இவ்வாண்டில் இந்நகரைத் துயரத்தில் ஆழ்த்திய வழக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டியுள்ளது. 2022 இல் இந்நகரில் நான்கு பெண்கள் ஒரே ஆளால் கொல்லப்பட்டனர். மோர்கன் ஹரிஸ், மார்சிடிஸ் மைரன் இருவரும் லோங் பிளெய்ன் என்ற முதற்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்; மூன்றாமவர் ரெபெக்கா கொன்டுவா. பெயர் தெரியாதிருந்த நான்காமவருக்குச் சமூகத்தார் 'மஷ்கோடே பிஷிகீக்குவே', அதாவது காட்டெருமைப் பெண் என்று பெயரிட்டார்கள். பெயரில்லாத உடலென்று ஒருவரை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஹரிஸ், மைரன் இருவரின் உடல்களும் நகருக்கு வடக்கேயுள்ள பிரேரி கிரீன் குப்பைமேட்டில் புதைந்திருப்பதாக நம்புவதாகச் சொன்ன பொலிஸார், அங்கே தேடுவது சாத்தியமில்லை என்று 2022 டிசம்பரில் அறிவித்தனர். தேடுவதற்கு 84 மில்லியன் முதல் 184 மில்லியன் டொலர் வரை செலவாகலாம் என்று சாத்தியக்கூற்று ஆய்வு மதிப்பிட்டது. அப்போதைய மாகாண அரசாங்கம் 2023 ஜூலையில் மறுத்துவிட்டதோடு, அந்த மறுப்பையே தன் தேர்தல் விளம்பரமாகவும் போட்டது. அதை நம் வானொலிகளில் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள்தாம் நாமும்.

குடும்பத்தார் ஓயவில்லை. மகள்மாரும் சகோதரிகளும் கூடாரமடித்து இருந்தார்கள், ஒட்டாவாவுக்குப் போனார்கள், ஒலிவாங்கி கிடைத்த இடமெல்லாம் பேசினார்கள். 2023 ஒக்டோபரில் வாப் கினியூ முதல்வரானார். கனடிய மாகாணமொன்றின் முதல்வரான முதலாவது முதற்குடி மனிதர் அவரே. 2024 மார்ச்சில் மத்திய, மாகாண அரசாங்கங்கள் தலா 20 மில்லியன் டொலரை ஒதுக்கின. நம் அறிக்கைக் காலத்தில் வழக்கு விசாரணை நடந்து, ஜூலை 11 அன்று நான்கு கொலைகளுக்கும் எதிரி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அவருடைய பெயரை இவ்வறிக்கையில் எழுதுவதில்லை எனக் குழு முடிவு செய்தது. குளிர்காலத்தில் தேடுதல் தொடங்கியது. தோண்டியெடுத்த குப்பையைக் கட்டடத்துக்குள் பரப்பி, மனிதர்கள் நின்று வாரி வாரிப் பார்த்தார்கள். பெப்ரவரி இறுதியில் மனித எச்சங்கள் கிடைத்தன. மார்ச் மாதத்தில் அவை மோர்கன் ஹரிஸ், மார்சிடிஸ் மைரன் இருவருடையவை என்று உறுதியாயிற்று. அதே மாதம் 26ஆம் திகதி, காட்டெருமைப் பெண் என்று அழைக்கப்பட்டவர் சென் தெரேசா பொயின்ற் முதற்குடியைச் சேர்ந்த ஆஷ்லி ஷிங்கூஸ் என்று அறிவிக்கப்பட்டது. முடியாது என்று அதிகாரத்திலிருந்தவர்கள் சொன்ன காரியம், தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே பலன் தந்தது. 2022 இலேயே தொடங்கியிருக்கக் கூடாதா என்ற கேள்வியை அக்குடும்பங்கள் கேட்கின்றன, நானும் கேட்கிறேன்.

இவற்றிலெல்லாம் நம் குழுவின் பங்கு சிறியது. அதை மிகைப்படுத்தி எழுத விரும்பவில்லை. அழைத்தபோது போனோம், சமைத்தோம், பாத்திரம் கழுவினோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். ஜனவரியில், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் முப்பது பாகை குளிரடித்த ஒரு சனிக்கிழமை, தேவாலய நிலவறைச் சமையலறையில் மைசூர்ப் பருப்புச் சூப் காய்ச்சினோம். அடுத்த மேசையில் மூதாட்டிமார் பனொக் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர் மாவைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கட ரொட்டிதானே, தேங்காய்ப்பூ மட்டும்தான் இல்லை" என்றார். அங்கிருந்த ஒருவர் சிவப்புத் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து, நூலால் முடிந்து சரமாகக் கோக்கக் கற்றுத் தந்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயர் நினைக்க வேண்டும் என்றார். முன்னர் குறிப்பிட்ட நம் அங்கத்தவர் இரண்டு முடிச்சுகளைப் போட்டார். யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை.

போக்குவரத்துதான் நம்மால் உருப்படியாகச் செய்யக்கூடிய உதவி என்பது ஆண்டின் நடுவிலேயே புரிந்தது. வடக்கேயுள்ள பல முதற்குடிக் கிராமங்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வீதி இல்லை. விமானத்தில் வரவேண்டும், அல்லது பனி உறைந்த காலத்தில் மட்டும் ஓடும் குளிர்கால வீதியில் வரவேண்டும். பிரசவத்துக்கும் மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் பெண்கள் தனியாக இந்நகருக்கு வருகிறார்கள். மேற்குக் கனடாவில் கிரேஹவுண்ட் பேருந்துச் சேவை 2018 ஒக்டோபர் இறுதியோடு நின்றபின், வழியில் யாருடைய வாகனத்திலாவது ஏறுவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் பலர். காணாமற்போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்கள், சிறுமியர் பற்றிய தேசிய விசாரணை ஆணைக்குழு 2019 ஜூனில் வெளியிட்ட 231 நீதிக்கான அழைப்புகளில் பாதுகாப்பான போக்குவரத்தும் அடங்கும். வாகனமோட்ட முன்வந்தவர்கள் எல்லாரும் பொலிஸ் பதிவுச் சோதனையும் மாகாணச் சிறுவர் துஷ்பிரயோகப் பதிவேட்டுச் சோதனையும் முடித்த பின்னரே அனுமதிக்கப்பட்டனர். "நாங்கள் உதவி செய்ய வந்தவர்கள், எங்களையே சந்தேகப்படுவதா?" என்று சிலர் மனம் வருந்தினார்கள். யாரும் வந்து ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற நிலை எதில் கொண்டுபோய் விட்டதென்று பார்த்தவர்கள் பழங்குடிச் சமூகத்தார். நாம் யாரென்று சோதிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது என் கருத்து.

சிறுவர் பராமரிப்பு குறித்த தகவல் அமர்வொன்று ஒக்டோபரில் நடத்தப்பட்டது. மனிற்றோபாவில் அரச பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுள் சுமார் 90 சதவீதத்தினர் பழங்குடிப் பிள்ளைகள். 2014 ஓகஸ்டில் றெட் ஆற்றிலிருந்து உடலாக எடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி டினா ஃபொன்டேனும் பராமரிப்பில் இருந்தவரே. அதன் பின்னர் படகுகளில் ஏறி ஆற்றடியைத் துழாவத் தொடங்கியவர்களை முன்னின்று திரட்டிய பெர்னடெற் ஸ்மித், 2008 இல் தன் சகோதரியைத் தொலைத்தவர். இன்று மாகாண அமைச்சர். அமர்வுக்கு எதிர்பார்த்ததை விடக் குறைவானவர்களே வந்தார்கள். அன்று இந்தியா விளையாடிய கிரிக்கெட் ஆட்டமும் இருந்தது என்பதைக் குறித்துவைக்கிறேன்.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. நவம்பரில், தங்குமிடமொன்றிலிருந்து வெளியேறத் தயாராயிருந்த இளந்தாய் ஒருவருக்கு வாடகை வீடு தேடித் தரும்படி கேட்கப்பட்டது. அடித்தள வீடு வெறுமையாக இருந்த நம்மவர் ஒருவர் தொலைபேசியில் சம்மதித்து, நேரில் கண்டதும் "ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது" என்றார். விளம்பரம் அடுத்த மாதமும் நின்றது. கூடச் சென்ற குழு அங்கத்தவர் வெட்கத்தால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாகனத்தைச் செலுத்தியதாகச் சொன்னார். அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. வழியில் பிள்ளைக்குப் பால் வாங்க நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான். நம் கடைகளில் அவர்கள் நுழைந்தால் பின்னால் ஆள் போவதும், நம் வீடுகளில் அவர்களைக் 'குடிகாரர்' என்ற ஒற்றைச் சொல்லால் முடிப்பதும் நமக்குத் தெரியாததல்ல. கொழும்பில் நம் பெயரைக் கேட்டதும் வீடு இல்லையென்ற காலத்தை மறக்காதவர்கள் இதைச் செய்கிறோம். இவ்விடயம் நிர்வாகசபையில் மூடிய கதவுக்குள் பேசப்பட்டது. எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில், காணாமற்போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களை நினைவுகூரும் மே 5 சிவப்பு உடை நாளுக்கு உடைகள் சேர்க்கப்படும். 2010 இல் ஜேமி பிளாக் என்ற கலைஞர் தொடங்கிய முறைப்படி, வெறுமையான சிவப்புச் சட்டைகள் மரங்களிலும் சுவர்களிலும் தொங்கவிடப்படும். துவைத்த, அணியக்கூடிய உடைகளையே தரவும். ஆஷ்லி ஷிங்கூஸைத் தேடி பிரேடி வீதிக் குப்பைமேட்டிலும் தேடுதல் நடக்குமென்று மாகாண முதல்வர் உறுதியளித்துள்ளார். அதற்கும் சமையலுக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள்.

இறுதியாக, யாப்புத் திருத்தம் பற்றியது. மூத்தோரிடம் ஒன்றைக் கேட்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது அவர்கள் முறை. நாம் வெற்றிலை வைத்து அழைப்பதைப் போன்றது. முதல் சந்திப்புக்குப் பழத்தட்டோடு போன நாம், இரண்டாம் முறை புகையிலையோடு போனோம். ஆனால் சங்கப் பணத்தில் மதுவோ புகையிலையோ வாங்கக் கூடாதென யாப்பு கூறுவதால், பொருளாளர் பற்றுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் செய்தது சரியே. ஆண்டு முழுவதும் புகையிலைக்கான செலவை அங்கத்தவர்கள் கைக்காசில் கொடுத்தார்கள். "சடங்கு மரியாதைக்காக வழங்கப்படும் புகையிலை நீங்கலாக" என்ற சொற்களை அந்த விதியில் சேர்க்கும் திருத்தத்தை இன்றைய நிகழ்ச்சிநிரலின் ஏழாவது விடயமாக முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.